முகில் சேவையகத்தில் உரிமம் பெற்ற மூன்றாம் தரப்பு நூலகங்களை நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் முன்பதிவு, கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு, தனியார் மருத்துவ நிலையங்களின் நோயாளர் பதிவு எனத் திருகோணமலையில் எழுதப்படும் செயலிகள் பல, மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள முகில் சேவையகங்களில், அதாவது இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெறும் கணினிகளில், இயங்குகின்றன. அவற்றை எழுதித் தருபவர்களும் பொறுப்பேற்று நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முகிலில் இயந்திரம் நிலையானது அன்று. இன்று இயங்கும் இயந்திரம் நாளை அழிக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொன்று தொடங்கப்படலாம். ஆகவே நூலகமும் அதன் உரிமமும் இயந்திரத்துக்கு வெளியே பாதுகாக்கப்பட்டு, எப்போது வேண்டுமானாலும் அதே ஒழுங்கில் மீண்டும் நிறுவக்கூடியனவாக இருக்க வேண்டும். கீழுள்ள விடைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மூன்றாம் தரப்பு நூலகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நீங்களும் எழுதாமல், சேவையகத்தை வாடகைக்குத் தரும் நிறுவனமும் எழுதாமல், வேறொருவர் எழுதி உங்கள் செயலிக்குள் சேர்க்கப்படும் நிரல் தொகுப்பு எதுவும் இதில் அடங்கும். தரவுத்தள இணைப்பி, பிடிஎஃப் ஆக்கும் நூலகம், வரைபடக் கூறு, கடவுச்சீட்டை வாசிக்கும் நூலகம், எழுத்துரு ஆகிய அனைத்தும் இவ்வகையினவே. எழுத்துருவைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் நூலகத்துக்கும் உரிமத்தைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களை எழுத்தாக்கங்களோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. இந்தப் பாதுகாப்புக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. எனவே உரிமக் குறிப்பு எதுவும் இல்லாமல் இணையத்தில் கிடக்கும் நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுவது தவறு. உரிமம் தரப்படாத நிரலைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை என்பதே சட்டத்தின் நிலை.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகிய உரிமங்கள் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையாக இருப்பதில்லை. மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போது பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தின் பிரதியையும் அதனுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவற்றின் முதன்மையான நிபந்தனை. 1991இல் வெளிவந்த, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் 2007இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பும், மென்பொருளைப் பிறருக்கு வழங்கினால் மூல நிரலையும் அதே உரிமத்தின் கீழ் வழங்க வேண்டும் என்கின்றன. சேவையகத்தில் இயக்கி, உலாவி வழியாக மக்களைப் பயன்படுத்தச் செய்வது மட்டும் இவற்றின் பொருளில் வழங்குதல் ஆகாது. அந்த இடைவெளியை அடைக்கவே ஏஜிபிஎல் என்ற உரிமம் எழுதப்பட்டது. அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் 13ஆம் பிரிவு, மாற்றியமைக்கப்பட்ட நிரலை வலையமைப்பின் ஊடாகப் பயன்படுத்துபவர்களுக்கும் மூல நிரலைப் பெறும் வாய்ப்பு வழங்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. முகில் சேவையகத்தில் வேலை செய்பவர் எந்த உரிமத்தை வாசிக்காமல் விட்டாலும் இதை மட்டும் விடக்கூடாது.

செயலி எங்கள் கணக்கில் இயங்குவதற்கும் வாடிக்கையாளரின் கணக்கில் இயங்குவதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. இங்கே வழக்கமாக நடப்பது இது: முதலாண்டில் செயலி எழுதியவரின் முகில் கணக்கிலேயே இயங்கும், பின்னர் விடுதி உரிமையாளர் தம் பெயரில் கணக்குத் திறந்து, செயலி முழுவதையும் அங்கே மாற்றித் தருமாறு கேட்பார். அந்த மாற்றத்தின்போது மென்பொருளின் பிரதி ஒன்று உங்கள் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. அதுவரை எந்தக் கடமையும் விதிக்காத ஜிபிஎல் நூலகம், அந்த நாளிலிருந்து மூல நிரலை வாடிக்கையாளருக்குத் தரும் கடமையை உங்கள்மீது சுமத்தும். விலை கொடுத்து வாங்கிய நூலகமாக இருந்தால், உங்களுக்குத் தரப்பட்ட உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற அனுமதி இருக்கிறதா என்பதை விற்பனை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே இந்த மாற்றத்தை எதிர்பார்த்து நூலகங்களைத் தெரிவு செய்வதுதான் சரியான முறை என்பது எமது உறுதியான கருத்து.

பற்றுச்சீட்டில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன. நூலகத்தை நிறுவியதில் பிழையா?

பெரும்பாலும் நிறுவலில் பிழை இருக்காது. நூலகத்தின் ஆற்றலே காரணமாக இருக்கும். யூனிகோடில் "தேவி" என்ற பெயர் சேமிக்கப்படும்போது முதலில் தகரமும் அதன் பின்னே ஏகாரக் குறியும் வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது அந்தக் குறி தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். "கோணேசபுரி" என்று எழுதும்போது ஓகாரக் குறி ஒன்றாகவே சேமிக்கப்பட்டாலும், திரையிலும் தாளிலும் அது இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாத பிடிஎஃப் நூலகம் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அச்சிடும்; விருந்தினரின் பெயர் தகரம் முதலிலும் கொம்பு அதன் பின்னாலுமாக வரும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் இது தீராது.

இந்த இடத்தில்தான் உரிமக் கேள்வியும் எழுகிறது. ஜாவாவில் பலர் பயன்படுத்தும் ஐடெக்ஸ்ட் நூலகம் 2009இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல், வணிக உரிமம் என இரு வழிகளில் தரப்படுகிறது. மூல நிரலைத் திறக்க விரும்பாதவர் வணிக உரிமத்தை வாங்க வேண்டும். அதன் புதிய பதிப்புகளில் தமிழ் போன்ற எழுத்து முறைகளை ஒழுங்காக அமைப்பதற்கு பிடிஎஃப் கலிகிராஃப் என்ற துணை நூலகம் தேவைப்படுகிறது. அது வணிக உரிமத்தின் கீழ் வருவது. இவ்வளவு செலவைத் தாங்க முடியாத சிறிய விடுதிக்கு நாம் பரிந்துரைப்பது வேறு வழி. பற்றுச்சீட்டை எச்டிஎம்எல் பக்கமாக ஆக்கி, சேவையகத்தில் திரையில்லாமல் இயங்கும் குரோமியம் உலாவியின் மூலம் பிடிஎஃப் ஆக்கலாம். குரோமியத்தினுள் எழுத்தை அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் தமிழைச் சரியாகக் கையாள்கிறது. இரண்டின் உரிமங்களும் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. உலாவி அதிக நினைவகத்தை எடுக்கும் என்பது உண்மைதான். ஆயினும் ஒரு நாளில் சில நூறு சீட்டுகள் அச்சிடும் இடத்துக்கு அது ஒரு பொருட்டன்று.

வின்டோஸ் கணினியில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்களைச் சேவையகத்துக்குப் பிரதி செய்யலாமா?

கூடாது. அவை வின்டோஸுடன் சேர்த்து உரிமம் வழங்கப்பட்டவை. லினக்ஸ் சேவையகத்துக்குக் கொண்டு செல்ல அந்த உரிமம் இடம் தருவதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் 1.1இன் கீழ் கிடைக்கிறது. அதைச் சேவையகத்தில் நிறுவலாம், பிடிஎஃப் கோப்பினுள் பதிக்கலாம், செயலியுடன் சேர்த்தும் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியே விலைக்கு விற்பது மட்டும் தடை செய்யப்பட்டுள்ளது. பாமினி போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்களைப் புதிய செயலியில் சேர்க்க வேண்டாம். அவற்றால் ஆக்கப்பட்ட ஆவணத்தில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது.

மாணவர் உரிமத்தில் பெற்ற நூலகத்தை வெளி வேலைக்குப் பயன்படுத்தலாமா?

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் சிலர் படிக்கும் காலத்திலேயே வெளியாருக்குச் செயலி எழுதுகிறார்கள், அது வரவேற்கத்தக்கது. ஆனால் கல்வி உரிமங்கள் வழக்கமாகக் கற்றலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே தரப்படுபவை. கட்டணம் பெற்றுச் செய்யும் வேலையில் அவற்றைச் சேர்ப்பது மாணவரையும் வாடிக்கையாளரையும் ஒருசேரச் சிக்கலில் மாட்டிவிடும். பரீட்சார்த்த உரிமமும் அவ்வாறே: சோதித்துப் பார்க்கலாம், மக்கள் பயன்படுத்தும் சேவையகத்தில் இயக்கக்கூடாது.

நூலகக் கோப்பை எந்த அடைவில் வைப்பது?

டொம்கட் போன்ற ஜாவா சேவையகத்தில் இரண்டு இடங்கள் உள்ளன. செயலியின் வெப்-இன்ஃப் அடைவுக்குள் இருக்கும் லிப் அடைவில் வைத்தால் அந்தச் செயலி மட்டும் நூலகத்தைக் காணும். டொம்கட்டின் சொந்த லிப் அடைவில் வைத்தால் எல்லாச் செயலிகளும் காணும். இயல்பாக முதல் இடத்தையே தெரிவு செய்யுங்கள். அப்போது ஒரு செயலியின் நூலகத்தைப் புதுப்பிப்பது இன்னொன்றைப் பாதிக்காது. தரவுத்தள இணைப்புகளை டொம்கட்டே நிர்வகிக்கும்போது அதற்கான இணைப்பியை இரண்டாம் இடத்தில் வைக்க வேண்டும். ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை இரண்டு இடத்திலும் வைத்துவிட்டு, எது ஏற்றப்படுகிறது என்று தெரியாமல் தவிப்பவர்களை அடிக்கடி காண்கிறோம். பொதுவாகச் செயலியின் உள்ளே இருப்பதே முதலில் தேடப்படும்.

டொம்கட் 9இல் ஓடிய நூலகம் 10இல் ஓடவில்லை என்றால் அடைவைக் குறை சொல்ல வேண்டாம். பத்தாம் பதிப்பில் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பொதிப் பெயர்கள் ஜக்கார்த்தா என்று மாறிவிட்டன. பழைய பெயரைத் தேடும் நூலகத்துக்குத் தேவையான வகுப்பு கிடைக்காது. சேவையகப் பதிவேட்டில் அந்தப் பழைய பெயருடனேயே பிழைச் செய்தி பதிவாகியிருக்கும். மூல நிரல் கையில் இல்லாத வணிக நூலகமானால், புதிய பெயர்களுக்கு ஏற்ற பதிப்பை விற்பனை நிறுவனத்திடம் கேட்டுப் பெறும்வரை ஒன்பதாம் பதிப்பிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

நேற்று நிறுவிய நூலகம் இன்று காலை காணாமற்போய்விட்டது. ஏன்?

நீங்கள் இயங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தினுள் நுழைந்து கையால் நிறுவியிருப்பீர்கள். ஹெரோக்கு போன்ற தளங்களில் செயலி இயங்கும் அலகு ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு முறையாவது தானாக மீளத் தொடங்கப்படுகிறது. அப்போது அதன் கோப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செயலியை அதற்குத் தேவையானவற்றுடன் சேர்த்துப் பொதிந்து இயக்கும் டொக்கர் கொள்கலனும் இப்படித்தான்: கொள்கலனுக்கு அச்சாக இருக்கும் படிமத்தில் இல்லாத எதுவும் புதிய கொள்கலனில் இருக்காது. நூலகத்தை நிறுவும் கட்டளை படிமத்தை ஆக்கும் கோப்பிலோ செயலிக்கு வேண்டிய நூலகங்களைக் குறிக்கும், மேவன் போன்ற கருவியின் சார்புப் பட்டியலிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிப்பு எண்ணும் அங்கே துல்லியமாகக் குறிக்கப்பட வேண்டும். "கிடைப்பதில் புதியது" என்று விட்டுவிட்டால் இன்று ஆக்கும் படிமமும் அடுத்த மாதம் ஆக்கும் படிமமும் ஒன்றாக இரா.

விலைக்கு வாங்கிய நூலகங்கள் பெரும்பாலும் பொதுக் களஞ்சியங்களில் கிடைப்பதில்லை. விற்பனை நிறுவனம் தந்த கோப்பை, கோப்பு மாறவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்களுக்கு மட்டும் திறக்கும் களஞ்சியத்திலோ முகிற் சேமிப்பிடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கக்கூடிய பொதுக் கிட் நிரற் களஞ்சியத்தில் ஏற்றினால் அது உரிமையின்றிப் பகிர்ந்ததாகிவிடும். இலவச நூலகங்களுக்கும் சொந்தப் பிரதி தேவை என்பதை 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகமே கண்டது. பதினொரு வரிகள் மட்டுமே கொண்ட லெஃப்ட்-பாட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற செயலிகளை ஆக்க முடியாமற்போனது.

உரிமச் சாவி ஒரே இயந்திரத்துக்குக் கட்டப்பட்டது என்கிறார்கள். முகிலில் என்ன செய்வது?

இதுதான் மிகக் கடினமான இடம். பழைய முறையில் உரிமம் வழங்கும் நூலகங்கள் இயந்திரத்தின் மேக் முகவரி எனப்படும் வலையமைப்பு அடையாள எண்ணையோ பெயரையோ வட்டின் அடையாளத்தையோ பார்த்து, சாவியை அதனுடன் பிணைக்கின்றன. அலுவலக மூலையில் இருக்கும் ஒரு பெட்டிக்காக எழுதப்பட்ட முறை அது. முகிலில் புதிய இயந்திரம் எழும்போது இந்த அடையாளங்கள் அனைத்தும் மாறும், சாவி செல்லாததாகிவிடும்.

அமேசன் முகிலில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. வலையமைப்பு இடைமுகத்தைத் தனியே உருவாக்கி, ஓர் இயந்திரத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்தலாம். அதன் மேக் முகவரி அதனுடனேயே செல்லும். சாவியை அந்த முகவரிக்குப் பெற்றுவிட்டால், இயந்திரம் மாறினாலும் இடைமுகத்தைப் புதியதில் பொருத்தி வேலையைத் தொடரலாம். சுமை கூடும்போது தானாகப் பல இயந்திரங்கள் எழும் அமைப்புக்கு இது போதாது. அங்கே மிதக்கும் உரிமம் வேண்டும். நிலையாக இயங்கும் ஒரு சிறிய இயந்திரத்தில் உரிமச் சேவையகத்தை வைத்து, மற்ற இயந்திரங்கள் தேவைப்படும்போது அதனிடம் உரிமத்தை வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் முறை அது.

இணையத்தின் வழியாகச் செயற்படுத்தும் சாவிகளில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கிறது. ஐந்து இயந்திரங்களுக்கு உரிமம் வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு முறை கொள்கலன் மீளத் தொடங்கும்போதும் ஓர் இடம் எடுக்கப்படும். பழைய கொள்கலன் தனது இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இறந்திருக்கும். ஆறாவது தொடக்கத்தில் நூலகம் இயங்க மறுக்கும். நிறுத்தும் சமிக்ஞை வந்தவுடன் உரிமத்தை விடுவிக்கும் நிரலை எழுதுவதே இதற்கு வழி. டொக்கர் அந்தச் சமிக்ஞையை அனுப்பி 10 வினாடிகளும் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் 30 வினாடிகளும் இயல்பாகக் காத்திருந்து, பின்னர் வலிந்து நிறுத்திவிடும். அந்த அவகாசத்துக்குள் விடுவிக்கும் வேலை முடிய வேண்டும். இணையத்துடன் நேரடியாக இணையாத தனிப்பட்ட உபவலையில் உள்ள இயந்திரத்திலிருந்து வெளியே செல்லும் வழி திறக்கப்படாவிட்டால், சாவி சரியாக இருந்தும் செயற்படுத்தல் தோல்வியுறும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

வாங்குவதற்கு முன்பே விற்பனை நிறுவனத்துக்கு எழுதி, தானாகப் பெருகும் கொள்கலன்களில் இயக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால் வேறு நூலகத்தைத் தேடுங்கள்.

சாவியை எங்கே வைத்திருப்பது?

நிரலினுள் எழுதக்கூடாது, படிமத்தினுள்ளும் வைக்கக்கூடாது. டொக்கர் படிமம் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுவதால், ஓர் அடுக்கில் பிரதி செய்த சாவிக் கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும் அது முந்தைய அடுக்கிலேயே இருக்கும். படிமம் கைக்கு வந்தவர் எடுத்துவிடலாம். முகில் நிறுவனங்கள் தரும் இரகசியக் காப்பகத்தில் சாவியை வைத்து, செயலி தொடங்கும்போது வாசிக்கச் செய்யுங்கள். படிமத்தை ஆக்கும்போதே சாவி தேவைப்பட்டால், அடுக்கில் தங்காத இரகசிய இணைப்பு முறையை டொக்கரே தருகிறது.

மடிக்கணினியில் ஓடிய நூலகம் சேவையகத்தில் ஏற்றப்படவில்லை.

சி மொழியில் எழுதப்பட்ட பகுதி உள்ளே இருக்கும் நூலகங்களில் இது நிகழும். மலிவாக இருப்பதால் ஆர்ம் வகை முறைவழியாக்கியை (கணினியின் மையச் சில்லை) தெரிவு செய்திருந்தால், எக்ஸ்86 வகைக்கு ஆக்கப்பட்ட கோப்பு அங்கே ஓடாது. அல்பைன் லினக்ஸ் படிமமும் அடிக்கடி காரணமாகிறது. ஏனைய பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சிக்குப் பதிலாக அது மசல் என்ற வேறு அடிப்படை நூலகத்தைக் கொண்டுள்ளது. டெபியன் படிமத்துக்கு மாறுவது மிகச் சுருக்கமான தீர்வு.

உரிமக் கட்டணம் முறைவழியாக்கிகளின் எண்ணிக்கையில் கணக்கிடப்படுகிறதா?

சில நிறுவனங்கள் அவ்வாறே கணக்கிடுகின்றன. ஒராக்கிள் தனது முகில் உரிமக் கொள்கையில், அமேசன் போன்ற அங்கீகரிக்கப்பட்ட முகில்களில் இரண்டு மெய்நிகர் முறைவழியாக்கிகளை ஓர் உரிமமாகக் கொள்கிறது. ஒராக்கிள் ஜாவாவுக்கு 2023 ஜனவரியில் அறிமுகமான சந்தாவோ நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஜாவாவை இயக்குவதற்கு மட்டுமானால் எக்லிப்ஸ் டெமூரின் போன்ற திறந்த ஜாவாப் பதிப்பு போதும்.

உரிமத்தை யாருடைய பெயரில் வாங்குவது?

செயலியை நடத்தும் நிறுவனத்தின் பெயரிலும், அந்த நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் முகவரியிலும் வாங்குங்கள். எழுதியவரின் தனிப்பட்ட முகவரிக்குச் சாவி வந்திருந்தால், அவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனபின் புதுப்பித்தல் அறிவித்தல் யார் கண்ணிலும் படாது. கட்டணம் பெரும்பாலும் டொலரில் அமையும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்தபோது, ஆண்டுச் சந்தாவை நம்பியிருந்த சிறு நிறுவனங்களின் செலவு ரூபாயில் அதே அளவுக்கு ஏறியது. ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பை என்றும் இயக்கலாம் என்ற உரிமம் கிடைக்குமானால், விலை சற்றுக் கூடினாலும் அதையே நாம் விரும்புவோம்.

கடவுச்சீட்டை வாசிக்கும் நூலகத்தில் தனியே கவனிக்க வேண்டியது என்ன?

படம் உங்கள் சேவையகத்திலேயே வாசிக்கப்படுகிறதா, விற்பனை நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பப்படுகிறதா என்பதே முதற் கேள்வி. பின்னதாயின் விருந்தினரின் தனிப்பட்ட தரவு மூன்றாம் தரப்புக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் அதற்கு விடுதியே பதில் சொல்ல வேண்டிவரும். சேவையகத்தினுள்ளேயே வாசிக்கும் நூலகத்தைத் தெரிவு செய்யுங்கள்.

நிறுவிய பின் புதுப்பிக்காமல் விட்டால் என்ன?

2021 டிசம்பரில், ஜாவாச் செயலிகளின் பதிவேட்டை எழுதும் லாக்4ஜே நூலகத்தில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாட்டின்போது பல நிறுவனங்களுக்கு முதலில் தெரியாதிருந்தது, அந்த நூலகம் தங்களிடம் இருக்கிறதா என்பதே. வேறு நூலகங்கள் அதைத் தம்முடன் உள்ளே கொண்டுவந்திருந்தன. எஸ்பிடிஎக்ஸ், சைக்குளோன்டிஎக்ஸ் ஆகிய வடிவங்களில் கூறுகளின் பட்டியலை ஆக்கும் இலவசக் கருவிகள் உள்ளன. ஒவ்வொரு வெளியீட்டிலும் பட்டியலை ஆக்கிச் சேமித்தால், பெயர், பதிப்பு, உரிமம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

எமது இணைய இணைப்பு மெதுவானது. பெரிய படிமத்தை எப்படி ஏற்றுவது?

ஏற்ற வேண்டாம். நிரலை மட்டும் தனிப்பட்ட கிட் களஞ்சியத்துக்கு அனுப்பி, படிமத்தை முகிலிலேயே ஆக்கச் செய்யுங்கள். வணிக நூலகக் கோப்பை ஒரே ஒரு முறை சேமிப்பிடத்தில் ஏற்றினால் போதும். மூதூரிலோ கிண்ணியாவிலோ கைத்தொலைபேசி இணைப்பில் இருந்தபடியே திருத்தத்தை வெளியிட இம்முறை இடம் தரும்.

உரிமம் காலாவதியாகும் நாளில் என்ன நடக்கும்?

நூலகத்துக்கு நூலகம் வேறுபடும். சில எச்சரிக்கையை மட்டும் பதிவேட்டில் எழுதும். சில ஒவ்வொரு பக்கத்திலும் நீர்க்குறி இடும். சில தொடங்கவே மறுக்கும். ஏற்கெனவே இயங்கும் செயலி தொடர்ந்து ஓடி, அடுத்த மீள்தொடக்கத்தில் நின்றுபோவதும் உண்டு. அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் காலாவதியான நாள் எப்போதோ கடந்திருக்கும். சேவையகங்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இயங்குவதால், 31ஆம் திகதி நள்ளிரவுடன் முடியும் சாவி இலங்கை நேரப்படி மறுநாள் காலை 5.30க்கு முடியும். ஆறு மணி வண்டிக்குப் புறப்படும் விருந்தினர்கள் விடுதியின் வரவேற்பு மேசையில் பற்றுச்சீட்டுக்காக நிற்கும் நேரம் அது. கிழக்குக் கரையில் சுற்றுலாப் பயணிகள் நிறையும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்துக்குள் முடிவு நாள் வராதபடி உரிமத்தின் தொடக்க நாளைத் தெரிவு செய்யுங்கள். முடிவுக்கு 60 நாள்கள் முன்னரே நினைவூட்டும் ஏற்பாட்டைச் செய்து, புதிய சாவி கிடைத்தவுடன் அதைச் சோதனைச் சேவையகத்தில் இட்டு ஒருமுறை மீளத் தொடங்கிப் பார்த்த பின்னரே முதன்மைச் சேவையகத்தில் மாற்றுங்கள்.